அசையாத பீரோவில் உராய்வு எவ்வளவு?
நண்பர்களே, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காக ஓர் உதவி. 60 கிலோ பீரோ. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, ஈர்ப்பு முடுக்கம் 10. கிடைமட்டமாக 150 நியூட்டன் விசையில் தள்ளியும் அசையவில்லை. உராய்வு 240 நியூட்டன் என்கிறது அவளுடைய வழிகாட்டி நூல். அது (0.4 × 60 × 10) உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. இங்கே உராய்வு 150தான். 240 இருந்தால் பீரோ நம்மையல்லவா திருப்பித் தள்ளும்! இதை அவளே பிடித்துவிட்டாள்.

சிக்கல் அடுத்த கணக்கில். மேலிருந்து சாய்வாகத் தள்ளினால் செங்குத்து விசை கூடி, உராய்வு வரம்பும் ஏறுகிறது. கிடைமட்டத்திலிருந்து சாய்வு சுமார் 68 பாகையைத் தாண்டினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நகராது என்று வருகிறது. அவள் நம்ப மறுக்கிறாள். வீட்டிலேயே செய்துகாட்ட வழி சொல்லுங்களேன். மரக்கட்டையும் சுருள்வில் தராசும் இருக்கின்றன. ஆனால் இந்தத் தராசு இழுக்கத்தான் உதவும், தள்ள உதவாது.