ஹார்மோன் குழப்பி: சோதனைக்கு ஒரு சொல் போதாது

> 'நாளமில்லாச் சுரப்பி சீர்குலைப்பு வேதிப்பொருள் கண்டறிதல்' என்றே இருக்கட்டும். பாடநூலோடு ஒத்துப்போகும்.

வணக்கம் ஐயா,

உடலின் ஹார்மோன் வேலையைக் கெடுக்கும் வேதிப்பொருள்களை (endocrine disruptors) நீரில் சோதிப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. மேலே இருப்பது நீங்கள் எழுதியது.

எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவரிடம் இதைச் சொன்னால் காது கொடுக்க மாட்டார். ஹார்மோன் என்ற சொல்லோ தைராய்டு மாத்திரையோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்வோம்.

'சீர்குலைப்பு' என்ற பின்பாதிக்கு 'அழிப்பி' என்று இன்னொரு நண்பர் சொன்னது பொருந்தாது. பிளாஸ்டிக்கில் சேரும் பிஸ்பீனால் ஏ எந்த ஹார்மோனையும் அழிப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குரிய ஏற்பியில் (ஹார்மோனின் செய்தியை வாங்கும் உயிரணுப் புரதத்தில்) தானே போய் ஒட்டிக்கொண்டு பொய்ச் செய்தி கொடுக்கிறது. டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் ஏற்பியை அடைத்துக்கொண்டு மெய்ச் செய்தியை மறிக்கிறது. இரண்டும் செய்வது குழப்பம்தான். எனவே 'ஹார்மோன் குழப்பி'.

எனக்கு உறுத்துவது 'கண்டறிதல்'. ஆய்வகத்தில் நடப்பது இரண்டு வேறு வேலைகள். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்று நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வருகிறோம். பிளாஸ்டிக் என்றால் அதை இளக்கச் சேர்க்கும் தாலேட்டு குப்பியிலிருந்தே கசிந்து முடிவைக் கெடுத்துவிடும். அந்த நீரின் சாரத்தை மூலக்கூறுகளை நிறையால் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் இன்ன பொருள், லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தெரியும். ஆனால் நாம் தேடிய பொருள் மட்டுமே தெரியும். இதற்கு 'குழப்பி இனங்காணல்'.

அப்புறம் ஈஸ்ட் சோதனை. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை ஏற்றிய ஈஸ்டில் அதே சாரத்தைச் சேர்த்தால், தூண்டும் பொருள் இருக்கும் கிண்ணத்தில் மஞ்சள் சாயம் சிவக்கிறது. எந்தப் பொருள் என்று ஈஸ்ட் சொல்லாது. கலவை மொத்தத்தின் வலிமையைச் சொல்லும். அதை 'எஸ்ட்ரடையால் ஈடு' என்று, அதாவது எவ்வளவு எஸ்ட்ரடையாலுக்கு (முதன்மை ஈஸ்ட்ரோஜனுக்கு) சமம் என்று எழுதுகிறோம். ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஒன்றாகச் சேரும் கழிமுகத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். பெயர் 'குழப்புதிறன் அளவீடு'.

இந்தப் பெயருக்கு முன்னால், எந்த ஏற்பியை வைத்துச் சோதித்தோம் என்பதையும் சேர்க்க வேண்டும் என்பேன். கப்பலின் அடிப்பூச்சில் இருந்த டிரைபியூட்டைல்டின், பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது. 2008-இல் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வைத்த ஈஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்காது. வெறும் 'குழப்பி இல்லை' என்று அறிக்கை எழுதினால், காசிமேட்டு மீனவர்கள் தண்ணீரே சுத்தம் என்று நம்பிவிடுவார்கள்.

ஆகவே பட்டியலில் 'குழப்பி இனங்காணல்', 'ஈஸ்ட்ரோஜன் குழப்புதிறன் அளவீடு' என்று இரண்டு பதிவுகளாகப் போடுங்கள் ஐயா.