பயணத்தில் டாய்லெட் ட்ரெயினிங்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டரை வயதுப் பெண்ணின் அம்மா:

வீட்டில் பகல் முழுக்க டயப்பர் இல்லாமல் இருந்து பழகிய குழந்தை, வெளியூர் கிளம்பியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டதே என்று நிறைய பேர் வருத்தப்படுகிறீர்கள். எங்கள் பெண்ணோடு ரயிலிலும் காரிலும் போய்வந்ததில் எனக்குப் புரிந்தது, மறதி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பயம்தான். வீட்டில் அவள் உட்காருவது சின்ன சீட், கால் தரையில் படும், கதவு திறந்தே இருக்கும், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ரயில் டாய்லெட்டில் தரை ஆடுகிறது, கீழேயிருந்து சத்தம் வருகிறது, கதவைச் சாத்தினால் இருட்டாக இருக்கிறது. உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு "வராதும்மா, வராதும்மா" என்றாள். சரி என்று திரும்பி வந்து மடியில் உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் என் புடவை நனைந்துவிட்டது.

வேண்டுமென்றே செய்கிறாள் என்று பக்கத்தில் இருந்த உறவினர் சொன்னார். அப்படி இல்லவே இல்லை. சிறுநீர் வெளியே வர வேண்டுமானால் அதை அடைத்துப் பிடித்திருக்கும் தசை தளர வேண்டும். பயந்துபோயிருக்கும் குழந்தைக்கு அது தளராது. மடியில் வந்து உட்கார்ந்து பயம் போனதும் தளர்ந்துவிடுகிறது, உச்சா வந்துவிடுகிறது. இது புரிந்த பிறகு எனக்குக் கோபம் வருவதே நின்றுபோனது.

அப்புறம் ஒரு மடக்குக் குட்டி டாய்லெட் வாங்கினோம். காலை விரித்து நிறுத்தி, நடுவில் ஒரு பையை மாட்டிவிடுகிற வகை. வாங்கியதும் அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் அதில் உட்கார வையுங்கள், அப்போதுதான் வெளியே எடுக்கும்போது அது தன்னுடையது என்று குழந்தைக்குத் தோன்றும். பைக்குள் அடியில் ஒரு டயப்பரை விரித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தூக்கும்போது சிந்தாது. சுற்றி ஒரு பெரிய துண்டைப் பிடித்துக்கொண்டால் போதும், எந்த மூலையிலும் உட்கார வைக்கலாம்.

இன்னொன்று. குடும்பத்தோடு போகும்போது தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லாரும் மாறி மாறி "உச்சா வருதா செல்லம்?" என்று கேட்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் ஓயாமல் கேட்டால் குழந்தை எல்லாருக்கும் "இல்லை" என்றே சொல்லும். எங்கள் வீட்டில் இப்போது அந்தந்த நாளுக்கு ஒருவர் பொறுப்பு. அவரும் கேட்பதில்லை, "வா, போயிட்டு வந்துடலாம்" என்று கூப்பிடுவார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, வண்டி ஏறுவதற்கு முன், மற்ற நேரத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிடுங்கள்.

நீங்கள் எல்லாரும் எப்படிச் சமாளித்தீர்கள்? பயணத்துக்காக டயப்பரைத் திரும்பப் போட்டீர்களா?

காரில் சுற்றும் ஒரு அப்பா:

நாங்கள் டயப்பர் போடவில்லை. காரில் போவதால் அது முடிந்தது, நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த வயதில் குழந்தை "அப்பா, உச்சா" என்று சொல்வதற்கும் அது வருவதற்கும் நடுவில் நேரமே இருக்காது. அதனால் மாற்றுத்துணியும் குட்டி டாய்லெட்டும் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தால் பயனில்லை, கை எட்டும் தூரத்தில் முன் சீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு ஜட்டி, ஒரு பேண்ட், ஈரத்துணி போட ஒரு ஜிப் கவர், இப்படி ஒவ்வொரு செட்டாகக் கட்டி வைத்துவிட்டால் அவசரத்தில் தேட வேண்டாம். மேல் சட்டையும் சேர்த்து வையுங்கள், சட்டை நனையாமல் பேண்ட் மட்டும் நனைந்ததை நான் பார்த்ததே இல்லை. தூக்குகிறவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை.

கார் சீட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நனைந்துவிடும் என்று தடிமனான துண்டையோ மெத்தை போன்ற விரிப்பையோ மடித்துக் குழந்தைக்கு அடியில் வைக்கிறார்கள். அது பெல்ட்டின் பிடிப்பைத் தளர்த்திவிடும், மோதல் ஏற்பட்டால் குழந்தை வழுக்கி வெளியே வர வழியுண்டு. சீட் தயாரித்தவர்களே அதற்கென்று தரும் மெல்லிய விரிப்பு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நனைந்தால் நனையட்டும், உறையைக் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது பெல்ட்டை அவிழ்த்துக் குட்டி டாய்லெட்டில் உட்கார வைப்பதும் கூடவே கூடாது. எவ்வளவு அழுதாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான்.

விமானத்தில் அடிக்கடி போகும் அம்மா:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் எழுந்திருக்கவே முடியாது, நடுவில் காற்று உலுக்கினாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் "கொஞ்சம் அடக்கிக்கோ கண்ணா" என்று சொல்வது அந்த வயதுக்கு அதிகம். நான் பேண்ட் டயப்பர் போட்டுவிடுகிறேன், ஆனால் உள்ளே ஜட்டியைப் போட்டு அதற்கு மேலே. டயப்பருக்குள் இருக்கும் தூள் ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாற்றிவிடுவதால் குழந்தைக்கு நனைந்ததே தெரியாது. ஜட்டி உள்ளே இருந்தால் ஈரம் உடம்பில் படும், சொல்லும் பழக்கம் விட்டுப்போகாது. போடும்போதே பையனிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: "இது விமானத்துக்கு மட்டும், வந்தா சொல்லு, நாம டாய்லெட்டுக்கே போகலாம்." சொல்லாமல் திடீரென்று டயப்பரை மாட்டினால் அவன் என்னவென்று எடுத்துக்கொள்வான்?

சத்தம் பற்றிச் சொன்னீர்களே, விமான டாய்லெட்டில் அது இன்னும் மோசம். காற்றால் உறிஞ்சி இழுக்கிற ஃப்ளஷ் என்பதால் பெரியவர்களுக்கே தூக்கிவாரிப் போடும். குழந்தையை இறக்கி, துணி போட்டு, கதவுக்கு வெளியே அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மூடியைச் சாத்திய பிறகுதான் நான் ஃப்ளஷ் செய்வேன். விமான நிலையங்களில் இருக்கும் தானியங்கி ஃப்ளஷ்ஷும் ஒரு தொல்லை. குழந்தை கொஞ்சம் அசைந்தாலும் எழுந்துவிட்டது என்று சென்சார் நினைத்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீரைத் திறந்துவிடும். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அப்புறம் வெளி டாய்லெட் என்றாலே அழுகைதான். பின்பக்கம் ஒட்டும் பசையுள்ள சின்னக் காகிதக் கட்டு ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒரு தாளைக் கிழித்து அந்த சென்சாரின் கறுப்புக் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டு உட்கார வைப்பேன். இப்போது பையனே "நான் ஒட்டறேன்" என்று வாங்கி ஒட்டுகிறான். தன் கையாலேயே ஒட்டியதால் ஃப்ளஷ் திடீரென்று வராது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. உள்ளே நுழைவதற்கே அது உதவுகிறது.

பேத்தியை வளர்க்கும் பாட்டி:

பிள்ளைகளா, நீங்கள் எழுதுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் அடித்தும் மிரட்டியும்தான் பழக்கினார்கள், அதை நான் ஏற்கவில்லை. நாலு பேர் நடுவில் நனைத்துவிட்டால் "இவ்வளவு பெரிய பெண், வெட்கமா இல்லையா" என்று யாராவது சொல்வார்கள். அந்த இடத்தில் நாம் குழந்தை பக்கம் நிற்க வேண்டும். நான் "பரவாயில்லை, மாத்திக்கலாம் வா" என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெரிய சீட்டில் சின்னக் குழந்தையை உட்கார வைக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. சுவரைப் பார்த்த மாதிரி திருப்பி உட்கார வையுங்கள். தொடை அகலமாக விரிந்து இரண்டு பக்கமும் நன்றாகத் தாங்கும், கையை முன்னால் ஊன்றிக்கொள்ளலாம், உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்காது. குந்தி உட்காரும் டாய்லெட் என்றால் பின்னால் நின்று, இரண்டு தொடைக்கும் அடியில் கை கொடுத்து, முதுகை உங்கள் மார்பில் சாய்த்துப் பிடியுங்கள். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், ஆய் போன பிறகு முக்கியமாக. இல்லையென்றால் நீர்க்கடுப்பு வரலாம். கையை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், சானிடைசர் தண்ணீர் கிடைக்காத இடத்துக்குத்தான். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸ் போன்றவை அதற்குச் சரியாகக் கட்டுப்படாது.

நனைக்குமே என்று பயந்து தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் வரும், மலமும் இறுகும்.

மூன்று வயதுப் பையனின் அம்மா:

பாட்டி கடைசியில் சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு உச்சா பிரச்சினையே இல்லை, ஆய்தான். உறவினர் வீட்டுக்குப் போனோம், அங்கே போனதிலிருந்து பையன் போகவே இல்லை. சோபாவுக்குப் பின்னால் போய் நின்று, முன்னங்காலில் எக்கி, காலைப் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நிற்பான். முக்குகிறான், வரவில்லை என்றே எல்லாரும் நினைத்தோம். வந்த பிறகு மருத்துவர் சொன்னார், அது முக்குவது இல்லை, வெளியே வராமல் அடக்குவது. புது இடத்தில் பயந்து அடக்குகிறான், அடக்க அடக்க அது இறுகுகிறது, அப்புறம் போகும்போது வலிக்கிறது, வலித்ததால் அடுத்த முறை இன்னும் அடக்குகிறான். உள்ளே தேங்கிக் கிடப்பது சிறுநீர்ப்பையையும் அழுத்துமாம். உச்சா நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று அடிக்கடி நனைக்க ஆரம்பித்தால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இப்போது எங்கே போனாலும் சாப்பிட்ட பிறகு பதினைந்து இருபது நிமிடத்துக்குள் ஒரு தடவை உட்கார வைக்கிறோம். வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையத் தொடங்கும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் சுலபம். ஐந்து நிமிடம் போதும், வரவில்லையென்றால் எழுப்பிவிடலாம். முக்கியமாகக் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி காலுக்கு அடியில் ஏதாவது வேண்டும். போன இடத்தில் முக்காலி கிடைக்காவிட்டால் எங்கள் சின்னப் பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் காலை வைக்கச் சொல்வேன். டயப்பர் கொடுத்தால்தான் போவேன் என்று அடம்பிடித்தால் ஆய்க்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். அடக்கி வைத்துக்கொள்வதை விட அது எவ்வளவோ மேல். ரத்தம் தெரிந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, காய்ச்சலோடு உச்சா போகும்போது எரிந்தாலோ ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள், அங்கேயே மருத்துவரைப் பாருங்கள்.

புதிய உறுப்பினர்:

நாங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அடுத்த மாதம் நீண்ட பயணம் இருக்கிறது. அதற்குள் பழக்கிவிடு என்று மாமியார் சொல்கிறார். முடியுமா?

இரண்டரை வயதுப் பெண்ணின் அம்மா:

அவசரப்படாதீர்கள் தோழி. வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, நீண்ட பயணம் போன்ற நேரத்தில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறானா, நனைந்தால் சொல்கிறானா, பேண்ட்டைத் தானே இறக்கப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். இரண்டு வயதில் இது எல்லாம் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் வெளியிட்ட ஆய்வில் 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார், பகலில் பழகிய சராசரி வயது 28.5 மாதம். சராசரிதான், முன்னே பின்னே இருக்கும். மாமியாரிடம் இதையே சொல்லிப் பாருங்கள், "திரும்பி வந்ததும் நீங்களும் நானும் சேர்ந்து ஆரம்பிக்கலாம் அத்தை" என்றால் அவருக்கும் மனக்குறை இருக்காது. இப்போதைக்கு ஒரு குட்டி சீட்டை வீட்டில் வைத்துத் துணியோடு உட்கார்ந்து விளையாடவிடுங்கள், அது போதும்.

விமானத்தில் போகும் தோழிக்கு: ஜட்டிக்கு மேல் டயப்பர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீண்ட பஸ் பயணத்துக்கும் அது சரியாக வரும், அடுத்த முறை செய்கிறேன்.

காரில் சுற்றும் ஒரு அப்பா:

இரவு பற்றி யாரும் சொல்லவில்லையே. பகலில் பழகிய குழந்தைக்கு இரவும் பழகிவிட்டது என்று நினைத்து, போன இடத்தில் மெத்தை நனைந்ததும் திட்டுகிறார்கள். தூக்கத்தில் நனைக்காமல் இருப்பது சொல்லிக்கொடுத்து வருவது கிடையாது, உடம்பு வளர வளரத் தானாக வருவது. ஐந்து வயது வரை இரவில் நனைப்பதை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் ராத்திரி டயப்பர் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. டயப்பர் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நாளில், நீர் புகாத விரிப்பு, அதன் மேல் பெட்ஷீட், மறுபடி ஒரு நீர் புகாத விரிப்பு, மறுபடி ஒரு பெட்ஷீட் என்று இரண்டு அடுக்காகப் போட்டுவிடுவேன். நடு ராத்திரியில் நனைந்தால் மேல் அடுக்கை உருவிச் சுருட்டிவிட்டுக் குழந்தையைத் துடைத்து அப்படியே படுக்க வைத்துவிடலாம், விளக்குகூடப் போட வேண்டாம். அந்த விரிப்பை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும், போகிற வீட்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.