கண்ணாடியோடு ஒட்டிப்போன திருமணப் படம்: புதுப்பிப்பு

சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன, கையால் வண்ணம் தீட்டப்பட்ட தாத்தா பாட்டியின் திருமணப் படத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று சிலர் கூறியிருந்தனர். ஆனால் பழம்படங்களைச் சீரமைப்பவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்படலமான ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் காய்ந்து கண்ணாடியைப் பற்றியிருப்பதால், இழுத்தால் முகங்களே உரிந்துவரும் என்றும், ஊறவைத்தால் மேலே தீட்டிய நீர்வண்ணம் கரைந்துபோகும் என்றும் சொல்லித் தடுத்துவிட்டார்.

எனவே கண்ணாடியோடு சேர்த்தே, இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்து, ஒளி எதிரடிக்காதபடி படமெடுத்தோம். ஒட்டிய இடங்கள் நனைந்த துணி போலக் கருத்துத் தெரிந்தன; அவற்றைக் கணினியில் சரிசெய்வதே பெரிய வேலையாயிற்று. முதல் பிரதியில் பாட்டியின் கன்னத்து அம்மைத் தழும்பையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். நான் கேட்டது மீட்பு, ஒப்பனை அல்ல. ஆகவே தழும்பைத் திரும்ப வைக்கச் சொன்னேன். மூக்குத்தியின் மேல் வண்ணக்காரர் வைத்திருந்த ஒரு புள்ளி மஞ்சள், நல்லவேளையாக, அப்படியே தப்பியிருந்தது.

சுவரில் இப்போது மாட்டியிருப்பது பிரதிதான். கண்ணாடி அதைத் தொடாதபடி அமிலமற்ற மவுண்ட் அட்டை இடைவெளி தருகிறது. சுவரின் ஈரம் ஏறாமலிருக்கச் சட்டகத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டியிருக்கிறோம். மூலப் படத்தின் பின்னாலிருந்த, பூச்சி அரித்துப் பழுப்பேறிய அட்டையை மட்டும் அகற்றிவிட்டு, படத்தைக் கண்ணாடியோடே அமிலமற்ற பெட்டியில் படுக்கைவசமாக இட்டு, பரணில் ஏற்றாமல், வெயில் படாத உள்ளறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.