பரங்கிமலை லாம்டன் சிலை: பார்க்கப் போகலாமா?

நடைப்பித்தன்
சின்ன வயதில் பரங்கிமலை ஏறியபோது தேவாலயத்தையும் கீழே இறங்கும் விமானங்களையும் பார்த்ததுதான் ஞாபகம். இந்தியாவை அளக்கத் தொடங்கியது அங்கேதான், அதைத் தொடங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டனுக்குச் சிலைகூட இருக்கிறது என்று இப்போதுதான் தெரிய வந்தது. ஏழாவது படிக்கும் பையனைக் கூட்டிப் போகலாமா? இல்லை, சிலையைப் பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டியதுதானா?

முக்கோணம்
சிலை ஒரு நிமிட வேலை. மார்பளவுச் சிலை, அவ்வளவுதான், அதை நம்பிப் படியேறினால் பையன் திட்டுவான். சிலைக்கு முதுகைக் காட்டிவிட்டுத் தெற்கே பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார்கள். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று. அதை 400 தடவை கிடத்தி எடுத்தார்கள், முடிக்க 57 நாள். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில் வேறு! சூட்டில் எஃகு நீளும் இல்லையா, அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானியும் வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் கோணம் மட்டும் பார்த்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போகலாம்.

கல்வெட்டுக் கிறுக்கன்
அப்படியே நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்கும் போய் வாருங்கள். அரசு அலுவலக வளாகம், வாசலில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பழைய வானாய்வகத்தின் 1792ஆம் வருடத்துக் கருங்கல் தூண் அங்கே நிற்கிறது, தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். லாம்டன் 1802இல் குறித்த மூலப்புள்ளி, அதாவது அளவைக்கு ஆதாரமாக வைத்துக்கொண்ட இடம், இந்தத் தூணின் நடுவிலிருந்து 6 அடி தெற்கே, 1 அடி மேற்கே என்று அங்கே ஒரு குறிப்பும் உண்டு. என்னைக் கேட்டால் சிலையைவிட இதுதான் நினைவுச்சின்னம்.

நடைப்பித்தன்
அருமை. எவரெஸ்ட் சிகரத்தை அளந்ததும் லாம்டன்தானா?

முக்கோணம்
இல்லை, அவர் 1823இலேயே மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டவர் அந்த அளவைத் துறையில் வேலை பார்த்த கணித வல்லுநர் ராதாநாத் சிக்தர், அறிவித்த வருடம் 1856, உயரம் 29,002 அடி.

தஞ்சாவூரான்
எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே! கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808இல் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்துவிட்டது. லாம்டனே ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். பையனிடம் இந்தக் கதையை முதலில் சொல்லுங்கள், படியேற வைக்க உதவும்.

நடைப்பித்தன்
சொல்லிவிட்டேன். கோபுரத்தில் இடித்த இடம் தெரியுமா என்று கேட்கிறான், இப்போது தஞ்சாவூருக்கும் போக வேண்டுமாம்.