வால்வெள்ளி படம் எடுக்க ட்ரைபொட் காணுமா, ட்ராக்கர் வாங்கவா?

கோண்டாவில் பெடியன்:

வணக்கம். 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி வந்தபோது கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன். 12ஆம் திகதி அது எங்களுக்கு மிகக் கிட்ட, ஏழு கோடி கிலோமீற்றரில் இருந்தது. எனக்கு 14ஆம் திகதிதான் நேரம் கிடைத்தது. மேல்மாடியில் கமராவை வைத்துவிட்டு, வடிவாக இருட்டட்டும் என்று ஏழு மணி வரை காத்திருந்தேன். வெள்ளிக் கிரகம் தெரிந்தது. வால்வெள்ளி பக்கத்து வளவுப் பனைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த இரண்டு நாளும் மேகம், 17ஆம் திகதி பூரணை. கையில் மிஞ்சியது ஒரு பனைப் படம். அம்மா அதைத்தான் நல்லாயிருக்கு என்கிறார்.

இருப்பது கனன் 700டி, 18-55, 55-250 லென்ஸ்கள், கொஞ்சம் ஆடுகிற ட்ரைபொட். கனடாச் சித்தப்பா அடுத்த மாதம் வருகிறார். ட்ராக்கர் (வானத்தின் ஓட்டத்தோடு கமராவை மெதுவாகத் திருப்பும் கருவி) வாங்கி வரச் சொல்லவா?

தீவுப்பகுதியான்:

தம்பி, சித்தப்பாவை அலைக்கழிக்காதீர்கள். உங்களைக் கெடுத்தது பனை இல்லை, ஏழு மணி வரை காத்திருந்ததுதான்.

நாங்கள் இருப்பது 9.7 பாகை வடக்கில். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கடலுக்குள் இறங்கும். வால்வெள்ளியும் அப்படியே, மணித்தியாலத்துக்கு 15 பாகை. பொழுதுபடும்போது 20 பாகை உயரத்தில் நிற்பது ஒரு மணித்தியாலத்தில் 5 பாகைக்கு வந்துவிடும். முழு இருட்டுக்கோ 70 நிமிடம் வேண்டும். ஆக, பொழுதுபட்டு 35 நிமிடம் போனபின் ஒரு இருபது நிமிடம், அவ்வளவுதான் எங்களுக்கு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் எழுதும் நேரத்தையும் உயரத்தையும் நம்பி வெளிக்கிடாதீர்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான்படச் செயலியில் இடத்தை யாழ்ப்பாணம் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை செக்கன் எடுக்கலாம் என்று பார்க்க, 500ஐ லென்ஸின் மில்லிமீற்றர் நீளத்தால் பிரிக்கும் கணக்கு தெரியும்தானே? உங்கள் கமராவுக்கு நீளத்தை முதலில் 1.6ஆல் பெருக்க வேண்டும். 55 மில்லிமீற்றருக்கு 5.7 செக்கன் வரும். நான் 3க்கு மேல் போவதில்லை. 250க்கு 1.25 என்று வரும், அதிலும் எனக்கு நட்சத்திரம் கோடாகத்தான் விழுந்தது. அதனால் 55ஐப் பிடியுங்கள். ஐஎஸ்ஓ 1600, ரோ (RAW) கோப்பு, கம்பி ரிமோட்டைப் பூட்டிவிட்டு விடாமல் அடியுங்கள். வெள்ளி தெரிந்தவுடன் திரையைப் பத்து மடங்கு பெருப்பித்து, கையால் ஃபோக்கஸ் செய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் விரல் பட்டால் எல்லாம் போச்சு. (எனக்குப் போனது. 180 படம், ஒன்றுகூட உருப்படவில்லை.)

பண்ணைக் கடலோரத்தில் மேற்கு நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் வீதி விளக்கு, வாகனம். எனக்குச் சாட்டிக் கடற்கரைதான் பிடிக்கும். ஏசி வாகனத்தில் கொண்டுபோன லென்ஸில் கடற்கரையில் உடனே ஈரம் படிந்து மங்கிவிடும், பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள். ஆடும் ட்ரைபொட்டின் நடுவில் மண் நிரப்பிய உரப்பை ஒன்றைத் தொங்கவிட்டால் அடங்கும். கடற்படை முகாம் பக்கம் பெரிய லென்ஸோடு நிற்க வேண்டாம். யாராவது வந்து கேட்டால் கமராத் திரையைக் காட்டுங்கள். என்னிடம் கேட்டவர் கடைசியில் தானும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மணற்காட்டு மணல்:

ட்ராக்கர் வைத்திருக்கும் பாவி எழுதுகிறேன். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே திருப்ப வேண்டும். அது இங்கே வடக்கு அடிவானத்திலிருந்து பத்துப் பாகைகூட இல்லை. கையை நீட்டி முட்டி மடக்கினால் அந்த முட்டி உயரம்தான். கடலோர மூடுபனியில் பாதி நாள் தெரியாது. பின்னேர வால்வெள்ளிக்கு இன்னும் மோசம்: துருவம் கண்ணுக்குப் படுவதற்குள் வால்வெள்ளி இறங்கிவிடும்.

விடியப்புறம் கிழக்கில் வருபவைக்கு மட்டும் ட்ராக்கர் தங்கம். மூன்றரைக்கே போய், இருட்டில் ஆறுதலாகத் துருவத்தைப் பிடித்து வைத்துவிட்டு, வால்வெள்ளி கடலிலிருந்து எழும்பும் வரை தேத்தண்ணி குடிக்கலாம். சுசின்ஷான் செப்டெம்பர் 27 சூரியனுக்கு மிகக் கிட்டப் போன நாட்களில் விடியப்புறமும் வந்தது. நீங்கள் நித்திரை போலிருக்கிறது! மணற்காட்டு மணலில் ட்ரைபொட் கால் புதையும், மூன்று காலுக்கும் கீழே சிரட்டை வையுங்கள்.

படங்களை டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது வால்வெள்ளிக்கென்று இருக்கும் முறையைத் தெரிவு செய்யுங்கள். அது நட்சத்திரங்களுக்கிடையில் நகருவதால் சாதாரண முறையில் தலை கரைந்துவிடும்.

ஓய்வு வாத்தியார்:

1986 ஏப்ரலில் ஹேலியை வளவில் நின்று பார்த்தவன் நான். தெற்கே ஒரு பஞ்சுப் பொட்டு. வீட்டில் கமரா இருந்தது, ஃபில்ம் இருக்கவில்லை. அது திரும்பி வருவது 2061இல். பெடியள், உங்களுக்கு அதைப் பிடிக்க வயது இருக்கிறது.

கோண்டாவில் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் கம்பி ரிமோட் மட்டும் சொல்லியாயிற்று. அவருக்கும் பெரிய நிம்மதி. ஞாயிறு பின்னேரம் சாட்டியில் ஒத்திகை. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, யாராவது வருவதென்றால் சொல்லுங்கள். உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.