காப்டன் படலத்துக்குப் பூச்சு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றவேண்டிய க்யூப்சாட் (கனசதுர வடிவச் சிறு செயற்கைக்கோள்) ஒன்றை எங்கள் மாணவர் குழு வடிவமைக்கிறது. வெளிப்புறக் காப்டன் (வெப்பம் தாங்கும் பாலிஇமைடு பிளாஸ்டிக்) படலத்தை எப்படிக் காப்பது என்பதுதான் பெரிய கவலை. அங்கே தனி ஆக்சிஜன் அணுக்கள் ஏறக்குறைய 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு மோதி, பாலிமரை வாயுவாக்கி அரித்துவிடும். சிலிக்கான் டை ஆக்சைடு பூசினால் தாங்கும், சரி. ஆனால் படலத்தை மடிக்கும்போது பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால், அணுக்கள் அதன் வழியே நுழைந்து அடியில் குடைந்துவிடும். 1984 முதல் 1990 வரை விண்ணில் இருந்த எல்டெஃப் (LDEF) என்ற நாசாவின் சோதனைக் கலத்தின் மாதிரிகளிலேயே இது தெரிந்தது.

மூலக்கூறிலேயே சிலிக்கான் சேர்த்த பாஸ் (POSS எனும் சிலிக்கான்-ஆக்சிஜன் கூண்டு மூலக்கூறு) வகைப் பாலிஇமைடு இதைவிட நல்லது என்று எனக்குப் படுகிறது. மேற்பரப்பு அரிக்க அரிக்கத் தானே சிலிக்கா கவசம் உருவாகிவிடும். யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? சிறிய அளவில் எங்கே கிடைக்கும்? அப்புறம், மாணவர்களுக்கு ஆக்சிஜன் பிளாஸ்மா சோதனை (இந்த அரிப்பைத் தரையிலேயே பார்க்கும் சோதனை) செய்துதரும் ஆய்வகம் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.