ஸ்னார்க்கெல் போட்டு கிக் அடித்தால் புரை ஏறுகிறது, என்ன தப்பு பண்றேன்?

கெண்டைக்கால்:
வயசு 43. வேளச்சேரி குளத்தில் காலை பேட்ச். ரெண்டு வருஷம் பெசன்ட் நகர் பக்கம் ஓடிட்டு இருந்தேன், முட்டி வலி வந்ததும் நீச்சலுக்கு மாறிட்டேன். ஃப்ரீஸ்டைல் ஓரளவு வருது, கிக்தான் படு மோசம். கிக்போர்டை, அதான் கையில பிடிக்கிற மிதக்குற பலகையை, பிடிச்சுத் தலையைத் தூக்கினா இடுப்பு கீழே இறங்குது. 50 மீட்டர் முடியறதுக்குள்ள கழுத்தும் முதுகும் பிடிச்சுக்குது. கோச் சொல்லி, முகத்துக்கு நடுவுல நேரா நிக்குற ஸ்னார்க்கெல் வாங்கினேன், முகம் தண்ணியில இருக்கும்போதே வாயால மூச்சு இழுக்குற குழாய். நாலு நாளா பத்து கிக்கைத் தாண்டல, இருமல்தான். நேத்து லேன் கயிற்றைப் பிடிச்சுட்டு இருமிக்கிட்டிருந்தப்ப பக்கத்து லேன் பொடியன் "அங்கிள், ஓகேவா?"ங்கறான். மூக்கு கிளிப் வாங்கணுமா?

ஆழமில்லாதவன்:
தண்ணி குழாய் வழியா வாய்க்கு வருதா, மூக்கு வழியா ஏறுதா?

கெண்டைக்கால்:
மூக்குதான். ஏறாத நேரத்துலயும் சீக்கிரமே மூச்சு வாங்குது.

ஆழமில்லாதவன்:
அப்ப ரெண்டுமே மூச்சு விடுற விதம்தான். கடல்ல போடுற மாஸ்க் மூக்கை மூடிடும், நம்ம நீச்சல் கண்ணாடி மூடாது. வாயால இழுக்கும்போது பழக்கதோஷத்துல மூக்கும் சேர்ந்து இழுக்குது, தண்ணி ஏறுது. வாயால இழுங்க, விடும்போது மூக்கால விடுங்க. கச்சேரிக்கு முன்னாடி சுருதி பிடிக்கிற மாதிரி "ம்ம்ம்"னு. நான் பழகினது வீட்டுல, துணி ஊறவைக்கிற அகலமான டப்புல முகத்தை வெச்சு. வீட்டுல சிரிச்சாங்க, பரவாயில்ல. அப்புறம் குளத்துல ஆழமில்லாத பக்கம் சுவரைப் பிடிச்சு நின்னுக்கிட்டே இருபது மூச்சு. அது சரியா வர்றவரைக்கும் கிக் அடிக்கவே வேணாம்.

மூச்சு வாங்குறதுக்குக் காரணம்: விட்ட காத்துல கொஞ்சம் குழாய்லயே தங்கி, அடுத்த இழுப்புல திரும்ப உள்ளே போகுது. குட்டிக் குட்டியா மூச்சு விட்டா பழைய காத்தையேதான் சுத்திச் சுத்தி இழுப்பீங்க. நீளமா விடுங்க. தலை சுத்தினா உடனே நிறுத்திடுங்க, வீரம் வேணாம்.

மெரினா அக்கா:
எதுக்கு இவ்வளவு தவம்? முதல் வாரம் கிளிப்பே போடுங்க தம்பி. பயம் போனதும் கழட்டிக்கலாம்.

ஆழமில்லாதவன்:
கழட்டவே மாட்டாங்க அக்கா. எனக்குத் தெரிஞ்சு மூணு பேர் கிளிப் இல்லாம தண்ணியில இறங்கறதில்ல.

மெரினா அக்கா:
சரி, அது உங்க சண்டை. தம்பி, ரெண்டு விஷயம். தாடையை நெஞ்சோட ஒட்டினா குழாய் நுனி முன்னாடி சாஞ்சு தண்ணியில முங்கும். கண் நேர் கீழே, தரையில இருக்கிற கறுப்புக் கோட்டுல இருக்கட்டும். முங்கிட்டா "ஃபூ"ன்னு ஒரே ஊது. இன்னொண்ணு, தலை குனிஞ்சே போறதால சுவர் தெரியாது. அந்தக் கோட்டு முனையில குறுக்கா ஒரு கோடு இருக்கும். அது வந்தா சுவருக்கு இன்னும் 2 மீட்டர். கையை நீட்டியே வெச்சுக்கோங்க. நான் ஒருதடவை குழாயை சுவர்ல இடிச்சு ஈறு வீங்கினது போதும்.

கெண்டைக்கால்:
பத்து நாள் கழிச்சு வர்றேன். "ம்ம்ம்" வேலை செஞ்சுது! கிளிப் வாங்கல. புரை ஏறாம 50 மீட்டர் போயிட்டேன், ஆனா 2 நிமிஷம் 10 விநாடி. கோச் போன்ல எடுத்த வீடியோவைப் பார்த்தா வெட்கமா இருக்கு. சைக்கிள் மிதிக்கிறேன். முட்டி மடங்கி வயித்துக்கு வருது, பாதம் தரையில நிக்கிற மாதிரி விறைச்சு நிக்குது. தலையைத் தூக்கிட்டு இருந்தவரைக்கும் எல்லாப் பழியையும் போர்டு மேல போட்டிருந்தேன்.

மெரினா அக்கா:
ஓடுற பசங்க எல்லாருக்கும் இதே கணுக்கால்தான். பாதம் பின்னாடி நீளலைன்னா தண்ணியைத் தள்ளாது. தினம் வஜ்ராசனத்துல ஒரு நிமிஷம் உட்காருங்க, முட்டி வலிச்சா தொடைக்கும் கெண்டைக்கும் நடுவுல தலகாணி வெச்சுக்கோங்க. கிக் தொடையிலேருந்து வரணும், ரெண்டு கட்டைவிரலும் உரசிக்கணும்.

கெண்டைக்கால்:
பாதத்தை நீட்டினா உள்ளங்கால் பிடிச்சு இழுக்குதே அக்கா?

மெரினா அக்கா:
நீட்டாதீங்க, தொங்க விடுங்க. பழைய ரப்பர் செருப்பு கால்ல தொங்குமே, அந்த மாதிரி. 25 மீட்டருக்கு ஒருதடவை நில்லுங்க.